கபிலர் கையில் கறி மணம்

கறி தின்றால் மூளை மழுங்கும், படிப்பு ஏறாது என்ற பேச்சை இனியும் சும்மா கேட்டுக்கொண்டிருக்க என்னால் ஆகாது. வெண்ணந்தூரில் இதை நம்பாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கறிக்கடை முன்னால் தூக்குப்போசியோடு நிற்கிறவரும் இதை நம்புகிறார். வாங்கிய கறியைக் குழம்பு வைத்துத் தின்றுகொண்டே, பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையிடம், "பரீட்சை முடியட்டும் கண்ணு, அதுவரைக்கும் உனக்குப் பருப்புஞ்சோறுதான்" என்கிறார். மார்ச் பிறந்துவிட்டால் முட்டைக்கும் தடை. முட்டை தின்றுவிட்டுத் தேர்வுக்குப் போனால் முட்டைதான் வாங்குவாயாம். நாடு முழுக்கவும் கடல் கடந்தும் முட்டை அனுப்புகிற நாமக்கல் மாவட்டத்தில், கோழிப்பண்ணைச் சம்பளத்தில் பள்ளிக் கட்டணம் கட்டுகிற வீட்டில், இந்தப் பேச்சு! தேர்வு எழுதப் போகிற குழந்தையின் தட்டிலிருந்து, ஏழை வீட்டுக்குக் கட்டுப்படியாகிற சத்தான உணவைப் பிடுங்கி எடுப்பதற்குப் பெயர் அக்கறையா?

திண்ணையோடும் அடுப்படியோடும் கிடந்த இந்த நம்பிக்கை இப்போது பிள்ளைகளின் கட்டுரை நோட்டுக்குள் சிவப்பு மையாக இறங்கிவிட்டது. என் தங்கை மகள் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறாள். பள்ளியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பக்கத்துப் பள்ளியில் விசாரித்தாலும் இதே கதைதான் வரும். 'எங்கள் ஊர்ப் பண்டிகை' என்று கட்டுரை எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள். அவள் தான் வளர்த்த செவலைச் சேவலைப் பற்றி எழுதினாள். குஞ்சாக இருந்தபோது பருந்துக்குப் பயந்து பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்தது, கம்பு போட்டது, பள்ளி விட்டு வரும்போது அது தெருமுனைக்கே ஓடி வந்தது, பண்டிகைக்கு அதைத்தான் நேர்ந்து விட்டிருக்கிறோம் என்று அம்மாயி சொன்னது, எல்லாம் எழுதினாள். அறுக்கிற நேரத்தில் அவள் தறிப்பட்டறைக்குள் போய் நின்றுகொண்டாளாம், தறி ஓடுகிற இரைச்சலில் சேவலின் சத்தம் காதில் விழாது என்று. பிறகு அம்மாயி வெந்நீரில் முக்கி இறகு பிடுங்கியதையும், மஞ்சள் பூசித் தீயில் வாட்டியதையும், அந்த வாசனையில் தனக்குப் பசி எடுத்ததையும் ஒன்று விடாமல் எழுதியிருக்கிறாள். ஈரலை அவளுக்குத்தான் வைத்தார்கள். தின்றாள். நன்றாக இருந்தது. தின்கிறபோதே அழுகையும் வந்தது. இவை இரண்டும் எப்படி ஒன்றாக வருகின்றன என்று தெரியவில்லை என்று எழுதி, அதோடு நிறுத்திவிட்டாள்.

தமிழில் எழுதிப் பெயர் வாங்கியவர்கள் பலருக்கும் வாய்க்காத இடம் அந்தக் கடைசி வரி. தனக்கு விளங்காததை விளங்காதது என்று எழுதுவதற்கு ஒரு துணிவு வேண்டும். அது அந்தப் பிள்ளைக்கு இயல்பாக வந்திருக்கிறது. ஆனால் நோட்டு திரும்பி வந்தபோது பக்கத்தின் குறுக்கே மூலைக்கு மூலை சிவப்புக் கோடு. கீழே, இது கட்டுரை ஆகாது, நல்ல கருத்துகளை எழுதுக என்று குறிப்பு. வகுப்பில் எழுப்பி நிறுத்தி, கறி தின்பதையெல்லாம் பெருமையாக எழுதலாமா, கறி தின்கிற பிள்ளைகளுக்குப் படிப்பு எப்படி ஏறும் என்று கேட்டிருக்கிறார்கள். மறுநாள் அவள் வேறொரு கட்டுரை எழுதிக்கொண்டு போனாள். முன்னுரை, பண்டிகையின் சிறப்பு, உயிர்களிடத்து அன்பு, முடிவுரை. அதில் அவள் வீட்டார் பண்டிகைக்குச் சர்க்கரைப் பொங்கல் வைக்கிறார்கள். காயும் கனியும் உண்கிறார்கள். எல்லா உயிரையும் தம் உயிர்போல் காக்கிறார்கள். பத்துக்கு ஒன்பது. பக்கத்தில், 'மிக நன்று'.

பொய்க்கு மதிப்பெண் போட்டிருக்கிறார்கள். என் கோபம் முழுவதும் இங்கேதான். அந்த வகுப்பில் ஒரு கோழிக்காக அழுததை எழுதிய பிள்ளை அவள். 'உயிர்களிடத்து அன்பு' என்று உபதலைப்புப் போடச் சொன்னவர்கள், கண்முன்னால் அன்பு ஈரத்தோடு நிற்கும்போது அதன்மேல் கோடு போட்டுவிட்டு, கைப்பேசியில் தேடினால் கிடைக்கிற அன்பை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கறி தின்னாதே என்று சொல்வது ஒரு பேச்சு. தின்றுவிட்டுத் தின்னவில்லை என்று எழுது என்று சொல்வது வேறு பேச்சு. இரண்டாவதைக் கற்றுக்கொண்ட பிள்ளை வளர்ந்து விண்ணப்பம் எழுதும், அறிக்கை எழுதும், ஆய்வேடு எழுதும். எல்லாவற்றிலும் சர்க்கரைப் பொங்கல் வைக்கும்.

கறி தின்கிறவருக்குப் படிப்பு ஏறாது என்கிறீர்களே, சங்கப் புலவர் கபிலருக்கு ஏறியதா இல்லையா? பதில் சொல்லிவிட்டு மேலே பேசுங்கள்.

சேரமான் செல்வக்கடுங்கோ வாழியாதன் ஒருநாள் கபிலரின் கையைப் பிடித்துப் பார்த்து, உங்கள் கை இவ்வளவு மென்மையாக இருக்கிறதே என்று வியந்தான். கபிலர் அதற்குப் பாட்டாகவே பதில் சொன்னார். புறநானூற்றில் 14-ஆவது பாட்டு. உன் கை யானையை அடக்கும் அங்குசமும் குதிரையின் கடிவாளமும் வில்லின் நாணும் பிடித்துக் காய்த்துப்போன கை. உன்னைப் பாடுகிறவர்களின் கைக்கோ கறியும் சோறும் உண்டு வருந்துவதைத் தவிர வேறு வேலை தெரியாது, அதனால் மென்மையாக இருக்கிறது என்றார். எழுதுகிற கையின் மென்மைக்கு ஒரு கவிஞர் காட்டிய காரணம் கறிச்சோறு. அதை அரசன் முன்னால், கூச்சமில்லாமல், புலால் மணத்தோடு சொன்னார். அந்தக் கையில் இன்று யார் சிவப்புக் கோடு போடுவது?

இந்தக் கபிலர் யார்? தம்மை அந்தணன் என்று தாமே சொல்லிக்கொண்டவர். மாறோக்கத்து நப்பசலையார் என்ற புலவர் இவரை மனத்தில் அழுக்கில்லாத அந்தணர் என்று போற்றியிருக்கிறார். கறி தின்றவர் மனத்தில் அழுக்கு ஏறும் என்ற கணக்கு அந்தப் புலவருக்குத் தெரிந்திருக்கவில்லை. குறிஞ்சிப்பாட்டு பாடியவரும் இவர்தான். 261 அடி. அதில் மலைப்பெண்கள் பறித்துக் குவிக்கிற 99 பூக்களின் பெயர்களை வரிசையாக அடுக்குகிறார். கறி தின்றால் நினைவு மங்கும் என்கிறவர்கள், ஒரு வாரம் கீரை மட்டும் தின்றுவிட்டு வந்து என்முன் பத்துப் பூவின் பெயரைச் சொல்லட்டும். அந்தப் பாட்டை எதற்காகப் பாடினார் தெரியுமா? ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழின் அருமையைக் கற்பிப்பதற்காக. ஆக, கறிச்சோறு தின்ற கபிலர் ஒரு தமிழாசிரியரும்கூட. தம் மாணவனிடம் நீ என்ன தின்றாய் என்று அவர் கேட்டதாக எந்தக் குறிப்பும் இல்லை.

நண்பன் பாரி செத்த பிறகு அவன் மக்களை அழைத்துக்கொண்டு பறம்பு மலையை விட்டுப் போகிறபோது, அந்த மலையைத் திரும்பிப் பார்த்துக் கண்ணீரோடு கபிலர் பாடிய பாட்டு இருக்கிறது. அதில் அவர் முதலில் நினைத்துக்கொள்வது என்ன? மதுச்சாடி திறந்ததையும், கிடா அடித்ததையும், குறையாமல் வந்துகொண்டிருந்த ஊன்சோற்றையும். நண்பன் செத்த துக்கத்தில் கறி நினைவுக்கு வருவது அவருக்கு இழிவாகப் படவில்லை. துக்கமும் சோறும் ஒரே பாட்டில் வருகின்றன. என் தங்கை மகளின் நோட்டில் அழுகையும் ஈரலும் ஒரே வரியில் வந்ததும் அதே உண்மைதான். கபிலருக்கு நூறாயிரம் காணம் பொன் கிடைத்தது என்று பதிற்றுப்பத்தின் பதிகம் சொல்கிறது. இவளுக்குச் சிவப்புக் கோடு.

கபிலர் ஒருவர்தானே என்பார்கள். ஒருவர் இல்லை. நம் தகடூர் அதியமான் இறந்தபோது சங்க ஔவை பாடிய கையறுநிலையிலும், எலும்போடு கறி கிடைத்த இடத்தையெல்லாம் எங்களுக்கே கொடுத்தானே என்ற அழுகை இருக்கிறது. (ஆத்திசூடி ஔவை காலத்தால் பின்னவர், இருவரையும் ஒன்றாக்கிக் குழப்ப வேண்டாம்.) வெண்ணந்தூரிலிருந்து ராசிபுரம் தாண்டிப் போனால் வருகிற கொல்லிமலையில், ஆடிப்பெருக்கை ஒட்டி அரசே வல்வில் ஓரிக்கு விழா எடுக்கிறது. செம்மேட்டில் அவன் சிலை நிற்கிறது. யார் அந்த ஓரி? ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று வரிசையாக வீழ்த்தியவன் என்று வன்பரணர் பாடுகிறார். யார் என்றே தெரியாமல் காட்டில் அவனைக் கண்ட பாணர்களுக்கு, தான் வேட்டையாடிய மானின் கொழுத்த கறியைக் கொடுத்தான், மது கொடுத்தான், பிறகு பொன்னும் கொடுத்தான். ஓரிக்கு மாலை போட்டு மேடையில் முழங்குகிற அதே வாய், திங்கட்கிழமை வகுப்பில் வந்து கறி தின்பது காட்டுமிராண்டித்தனம் என்கிறது. ஓரியின் வில் மட்டும் வேண்டும், அதில் விழுந்த மான் வேண்டாமா?

உ.வே. சாமிநாதையரை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஆசாரமான குடும்பத்தில் பிறந்து, வாழ்நாள் முழுவதும் மரக்கறி உண்டவர். அவர் 1889-இல் பத்துப்பாட்டையும் 1894-இல் புறநானூற்றையும் அச்சில் கொண்டுவந்தார். பத்துப்பாட்டில் உள்ள பொருநராற்றுப்படையில், இரவும் பகலும் கறி தின்று தின்று, உழுத கொழுவைப்போலப் பல் தேய்ந்துபோனது என்று ஒரு பொருநன் சொல்கிறான். தம் நாவு ஒருநாளும் தொடாத உணவு என்பதற்காக ஐயர் அந்த வரியை நீக்கவில்லை, மழுப்பவில்லை, வேறு சொல் போட்டு மூடவில்லை. சுவடிக்குச் சுவடி ஒப்பிட்டு, உள்ளது உள்ளபடி நமக்குக் கொடுத்தார். கபிலரின் கறிச்சோறு நம் கைக்கு வந்து சேர்ந்தது கறி தொடாத ஒருவரின் நேர்மையால். மரக்கறி உண்பவர்மேல் எனக்குப் பகை இல்லை என்பதற்கு இதைவிட என்ன சொல்ல? உயிர் வதைப்பட மனம் ஒப்பாமல் ஒருவர் கறியை விட்டால் அவரைக் கும்பிடுகிறேன். ஆனால் தன் தட்டில் இல்லாததைப் பிறர் எழுத்திலிருந்தும் அழிக்கலாம் என்ற உரிமையை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. ஐயர் எடுத்துக்கொள்ளாத உரிமை அது.

உடனே திருக்குறளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். 26-ஆவது அதிகாரம், புலால் மறுத்தல். தெரியும். அந்த அதிகாரம் துறவறவியலில் இருக்கிறது என்பதும் தெரியும். அதிலிருந்து நான்கு அதிகாரம் தள்ளிப் போனால் 30-ஆவது வாய்மை. அதுவும் அதே துறவறவியல்தான். துறவிக்குச் சொன்னது என்று தள்ளினால் இரண்டும் போகும்; எல்லோருக்கும் சொன்னது என்று எடுத்தால் இரண்டையும் எடுக்க வேண்டும். 26-ஐப் பிள்ளையின் தலையில் ஏற்றுவதற்காக 30-ஐக் காலில் போட்டு மிதிக்கிறார்கள். கல்வி என்ற 40-ஆவது அதிகாரத்தின் பத்துக் குறளையும் எடுத்து வைத்துப் பாருங்கள். இன்னதைத் தின்றால் கல்வி வரும், இன்னதைத் தின்றால் வராது என்று ஒரு சொல் இருக்கிறதா? வள்ளுவர் சொல்லாததை வள்ளுவர் படத்துக்குக் கீழே நின்றுகொண்டு சொல்கிறார்கள்.

வள்ளலாரையும் இழுப்பார்கள். வள்ளலார் 1867-இல் வடலூரில் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது, வருகிறவர்களுக்குச் சோறு போடுகிறது. புலாலை அவர் வெறுத்தார், மறைக்கவில்லை. ஆனால் பசித்தவனுக்குச் சோறு போட்டபடியே அதைச் சொன்னார். பிள்ளையின் தட்டில் இருந்த முட்டையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எதுவும் வைக்காதவர்கள் அவர் பெயரைச் சொல்லக் கூடாது.

இன்னும் ராமானுஜன் பாக்கி, கலாம் பாக்கி. ராமானுஜன் சைவம், அதனால் கணக்கு வந்தது என்பார்கள். 1913-இல் அவர் எழுதிய கடிதத்தைப் படித்து, இது மேதையின் கணக்கு என்று கண்டுகொண்ட ஹார்டியும் லிட்டில்வுட்டும் இறைச்சி பரிமாறுகிற கேம்பிரிட்ஜ் கல்லூரிக் கூடத்தில் உண்டவர்கள். மூளை மழுங்கியவர்களால் அந்தக் கடிதம் புரிந்திருக்குமா? கலாமும் சைவம் என்பார்கள். அவர் விடியலில் எழுந்து ராமேசுவரத்துத் தெருக்களில் செய்தித்தாள் போட்டுப் படித்தவர். அந்த உழைப்பைப் பிள்ளைக்குச் சொல்லாமல், அவர் தட்டில் என்ன இருந்தது என்பதை மட்டும் சொல்லிக் கொடுப்பது அவருக்கே செய்கிற அநியாயம். இத்தனைக்கும் நடுவில் கபிலர் அப்படியே நிற்கிறார், 99 பூவோடும் கறிச்சோற்றோடும். அவருக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

இந்தப் பொய்யை வளர்க்கிற வேர் இன்னும் ஆழமாகப் போகிறது. நம் பக்கத்துப் பள்ளிகளில் எழுதக் கற்றுக்கொடுப்பது என்றால் என்ன நடக்கிறது? கட்டுரைக்குச் சட்டகம் கொடுக்கிறார்கள். உபதலைப்பு ஐந்து, மேற்கோள் இரண்டு, நீல மையில் எழுதிக் கறுப்பு மையில் அடிக்கோடு. மழைநீர் சேகரிப்பு என்றாலும் சாலைப் பாதுகாப்பு என்றாலும் அதே சட்டகம், உள்ளே போடுகிற சரக்கு மட்டும் வேறு. ராசிபுரம், நாமக்கல் விடுதிப் பள்ளிகளுக்கு ஒருகாலத்தில் தமிழ்நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை நடத்தாமலே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை இரண்டு ஆண்டும் உருப்போட வைத்த பள்ளிகள் எத்தனை! 2017-18-இல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவர வேண்டி வந்தது எதனால்? பிராய்லர் பள்ளிகள் என்று ஊரே பேர் வைத்தது. விளக்கைப் போட்டு, நேரத்துக்குத் தீனி போட்டு, எடை பார்த்து அனுப்புகிற முறை. கோழியை அப்படி வளர்த்தால் கேட்பதற்கு நாலு பேர் வருகிறார்கள். பிள்ளையை வளர்த்தால் தேர்ச்சி விழுக்காட்டைப் பதாகையில் அச்சடிக்கிறார்கள்.

வேறு விதமாகக் கற்பிக்க முடியாது என்றால் நம்ப மாட்டேன். இதே நாமக்கல்லில் நடந்திருக்கிறது. எழுத்தாளர் பெருமாள்முருகன் நாமக்கல் அரசு கலைக் கல்லூரியில் தமிழ் கற்பித்த காலத்தில், 'கூடு' என்ற பெயரில் மாணவர்களைக் கூட்டிப் படிக்கவும் பேசவும் எழுதவும் வைத்தார். சாதியைப் பற்றி நீங்கள் பட்டதை எழுதுங்கள் என்று கேட்டு வாங்கித் தொகுத்த கட்டுரைகள் 2013-இல் 'சாதியும் நானும்' என்ற நூலாக வந்தன. கிராமத்திலிருந்து பேருந்து ஏறிக் கல்லூரிக்கு வந்த பிள்ளைகள் எழுதியவை. முன்னுரை முடிவுரைச் சட்டகம் போட்டிருந்தால் அதில் ஒரு கட்டுரைகூடத் தேறியிருக்காது. சாதி ஒழிய வேண்டும், ஒற்றுமையே பலம் என்று எல்லாம் ஒரே கட்டுரையாக முடிந்திருக்கும். உனக்கு நடந்ததை எழுது என்று ஓர் ஆசிரியர் சொன்னார். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அதே பெருமாள்முருகன் 2016-இல் 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை' எழுதினார். வெள்ளாட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பழகிய மண்ணிலிருந்துதான் அப்படி ஒரு கதை வரும். ஆடு மேய்க்கிற வீட்டுப் பிள்ளையிடம் ஆட்டைப் பற்றி எழுதாதே, பசுவைப் பற்றிப் பத்து வரி எழுது என்று சொல்கிற பள்ளியிலிருந்து வராது.

சாதி என்று சொல்லிவிட்டேன். சொல்லாமல் சுற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை. கறிக்கும் மூளைக்கும் முடிச்சுப் போடுகிற பேச்சுக்கு அடியில் இருப்பது மருத்துவம் அல்ல, சாதி. தின்னாதவர் மேலே, தின்பவர் கீழே. தின்பவரிலும் ஆடு கோழி தின்பவர் ஒரு படி, பன்றியும் மாடும் தின்பவர் அதற்கும் கீழ்ப் படி. என் தங்கை மகள் சேவல் என்றுதான் எழுதினாள். அதற்கே எழுப்பி நிறுத்தினார்கள். அதே வகுப்பில் ஞாயிற்றுக்கிழமை மாட்டுக்கறி வாங்குகிற வீட்டுப் பிள்ளையும் உட்கார்ந்திருக்கிறது. அது அன்றைக்கு என்ன பாடம் கற்றிருக்கும்? வாயைத் திறக்கக் கூடாது என்ற பாடத்தை. மாட்டிறைச்சிக்கும் தீண்டாமைக்கும் உள்ள தொடர்பை அம்பேத்கர் 1948-இல் ஒரு நூலாகவே எழுதிவைத்தார். நம் ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களில் அதைப் பாடமாக வைக்க வேண்டும்.

பெரிய படிப்பு படித்தால் இது போய்விடும் என்று நினைக்க வேண்டாம். 2018 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி. விடுதி உணவுக்கூடம் ஒன்றில் சைவம் உண்பவருக்குத் தனி வாசல், தனிக் கைகழுவும் தொட்டி என்று அறிவிப்பு ஒட்டினார்கள். நாட்டின் கூர்மையான மூளைகள் என்று தேர்ந்தெடுத்த பிள்ளைகளுக்கு அங்கே வாசலைப் பிரித்துக் காட்டினார்கள். சேலத்திலும் சென்னையிலும் வீடு வாடகைக்கு என்ற பலகையில் 'சைவ உணவினருக்கு மட்டும்' என்று எழுதுகிறார்கள். 2014-இல் எடுத்த மாதிரிப் பதிவு அடிப்படைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டோரில் 97 விழுக்காட்டுக்கு மேல் அசைவம் உண்கிறவர்கள். அந்த 97 பேரும் வெளியே நிற்க வேண்டுமாம். அவர்களில் பாதிப் பேர் அது நியாயம்தான் என்று தலையாட்டுவதுதான் எனக்கு ஆறாத வேதனை.

முட்டை விஷயத்தில் நம் மாநிலம் தலைநிமிர்ந்து நிற்கலாம். 1956-இல் காமராசர் மதிய உணவு கொடுத்தார். 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார். 1989-இல் கருணாநிதி ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை வந்தது. படிப்படியாகக் கூடி 2010-இல் வாரம் ஐந்து முட்டை ஆனது. தின்னாத பிள்ளைக்கு வாழைப்பழம். யாரையும் கட்டாயப்படுத்தாத ஏற்பாடு. கர்நாடகத்தில் 2021-இல் சில மாவட்டப் பள்ளிகளில் முட்டை கொடுக்க ஆரம்பித்ததும் மடாதிபதிகள் எதிர்த்தார்கள். அப்போது கொப்பள மாவட்டம் கங்காவதியில் ஒரு பள்ளி மாணவி, எங்களுக்கு முட்டை வேண்டும், தடுத்தால் மடத்துக்கே வந்து தின்போம் என்ற பொருளில் நேருக்கு நேர் பேசினாள். அந்தக் காணொளியைப் பார்த்துக் கைதட்டிய நம் ஊர்க்காரர்கள், தம் வீட்டுப் பிள்ளை கட்டுரையில் கறி என்று எழுதினால் மட்டும் ஏன் முகம் சுளிக்கிறார்கள்? கன்னடத்துப் பிள்ளை பேசினால் வீரம், வெண்ணந்தூர்ப் பிள்ளை எழுதினால் ஒழுங்கீனமா?

மாட்டுப் பொங்கலன்று வருகிற திருவள்ளுவர் நாளில் இறைச்சிக்கடைகளை மூடச் சொல்கிறார்களே, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆண்டு முழுக்க உழைத்த குடும்பம் ஒன்றாக உட்கார்ந்து கறி தின்கிற பொங்கல் நாள்களில் ஒன்று அது. முந்தின நாளே வாங்கிக் குளிர்பெட்டியில் வைத்துக்கொள்ள வசதி உள்ளவன் தின்கிறான்; அன்றைக்கு உழைத்த கூலியில் வாங்குகிறவன் தின்ன முடியவில்லை. வள்ளுவரைக் கொண்டாட வேறு வழியே தெரியவில்லையா? ஒப்புக்குக் கடையை மூடுகிற அந்தப் பழக்கமும், ஒப்புக்குக் கட்டுரை எழுதச் சொல்கிற பழக்கமும் ஒரே இடத்திலிருந்து வருபவைதான். உள்ளே நடப்பது நடக்கட்டும், வெளியே சைவமாகத் தெரிந்தால் போதும்.

தமிழாசிரியர்களிடம் கேட்பதற்கு எனக்கு ஒன்று இருக்கிறது. வருகிற காலாண்டுத் தேர்வில், 'நேற்று எங்கள் வீட்டில் சமைத்தது' என்று ஒரு கட்டுரைத் தலைப்புக் கொடுங்கள். உபதலைப்புக் கேட்காதீர்கள், மேற்கோள் கேட்காதீர்கள். கருவாட்டுக் குழம்பு எழுதுகிற பிள்ளை அதை எழுதட்டும். வாழைப்பூ வடை செய்த வீட்டுப் பிள்ளை அதை எழுதட்டும். அரிசியும்பருப்புஞ்சாதம், பள்ளிபாளையம் சிக்கன், ரத்தப் பொரியல், மாட்டுக்கறி வறுவல், நேற்று எதுவும் சமைக்கவில்லை என்பது, எதுவானாலும் வரட்டும். யார் சமைத்தார்கள், எதற்குக் காசு இருந்தது, எதற்கு இல்லை, தின்கிறபோது மனத்தில் என்ன ஓடியது என்று எழுதட்டும். அந்தத் தாள்களைக் கட்டாகக் கட்டி எடுத்துப்போய், கபிலர் மாணவனின் ஓலையைப் படித்திருப்பாரே, அப்படிப் படியுங்கள். ஒற்றுப்பிழைக்கு மதிப்பெண் குறையுங்கள், நியாயம். கறிக்குக் குறைக்காதீர்கள்.